எழுதி வைத்த கட்டளை

பழைய பத்திரிகையொன்றின் 3,000 பக்கங்கள் படம்பிடிக்கப்பட்டு ஒரு கணினியிற் குவிந்து கிடக்கின்றன என்று கொள்க. படக்கருவி அவற்றுக்கு வெறும் இலக்கங்களையே பெயராக இட்டிருக்கின்றது. அவற்றையெல்லாம் ஆண்டு, மாதம், பக்கம் என்னும் ஒழுங்கிற் பெயர் மாற்றி, ஆண்டுக்கொரு கோப்புறையில் வைத்தல் வேண்டும். ஒரு கோப்புக்குப் 10 வினாடி செல்லுமாயின், வேலை முடிய 8 மணி 20 நிமிடம் பிடிக்கும். கை சலித்த எழுதுவினைஞர் இருநூறாவது கோப்பில் ஒரு மாதத்தைத் தவறவிடுவார்; அத்தவறு எழுநூறாவது கோப்புக்கு வரும்போதுதான் கண்ணிற் படும். அதே வேலையை, பத்திரிகை வெளிவந்த நாட்களின் பட்டியலொன்றைத் துணையாகக் கொண்டு, ஏழெட்டு வரிகளில் எழுதிக் கணினியிடம் கொடுத்தால் சில வினாடிகளில் முடிந்துவிடுகின்றது.

இவ்வாறு எழுதி வைக்கப்படும் வரிகளை ஆங்கிலத்தில் ‘ஸ்கிரிப்ட்’ என்பர். நாடகப் பிரதியைக் குறிக்கும் அதே சொல்தான். தமிழிற் கட்டளைத் தொடர் எனலாம். பெரிய செய்நிரல்களைப் போல இஃது ஒரு புதிய கருவியை ஆக்குவதில்லை. ‘பெயரை மாற்று’, ‘பிரதி எடு’, ‘இடம் மாற்று’, ‘அழி’ என்று கணினிக்கு முன்னரே தெரிந்த சிறு கட்டளைகளை எந்த ஒழுங்கில், எவ்வெவற்றின்மேல், எத்தனை முறை செய்வது என்பதை மட்டுமே கூறுகின்றது. விசைப்பலகையின் முன் அமர்ந்து ஒருவர் செய்யக்கூடியதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. அவர் அங்கே அமர வேண்டியதில்லை என்பதே அதன் பயன் முழுவதும். அதனால் விளையும் தீங்கும் அங்கிருந்தே பிறக்கின்றது.

1961 நவம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்திற் பெர்னாண்டோ கோர்பாட்டோவும் அவர் குழுவினரும் ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையிற் பயன்படுத்தும் முறையொன்றைச் செய்து காட்டினர். அதுவரை, துளையிட்ட அட்டைக் கட்டை ஒப்படைத்துவிட்டு, விடைக்காக மணிக்கணக்கிலோ மறுநாள் வரையிலோ காத்திருப்பதே ஆராய்ச்சியாளரின் வழக்கமாயிருந்தது. சி.ரி.எஸ்.எஸ். என்று பெயர் பெற்ற புதிய முறையில், ஒவ்வொருவரும் தம் தட்டச்சுக் கருவியிற் கட்டளையொன்றை அடித்து, அங்கேயே விடையைப் பெற்றனர். கோப்புகள் வட்டிற் சேமிக்கப்பட்டன. ஒவ்வொரு கோப்புக்கும் ஆறெழுத்துக்கு மேற்படாத இரு சொற்களே பெயர்.

காத்திருத்தல் ஒழிந்தது, ஆனால் வேறொரு சலிப்பு வந்து சேர்ந்தது. ஒரு செய்நிரலைத் திருத்துவது, அதை இயந்திர மொழிக்கு மாற்றுவது, ஏற்றி ஓடவிடுவது, விடையைப் பார்ப்பது, மீண்டும் திருத்துவது என்று அதே கட்டளைகளை அதே வரிசையில் நாள் முழுவதும் அடித்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. 1963 இல் பிரான்சிலிருந்து அங்கு வந்து பணியாற்றிய லூயி பூஸான் என்பவர் இம்முறைமைக்குப் பல கட்டளைகளை எழுதியவர். வீடு கட்டுவோன் கல்மேற் கல்லை அடுக்குவது போலக் கட்டளைகளை அடுக்கிப் புதிய கட்டளைகளை ஆக்க இயல வேண்டும் என்பது அவருக்குத் தோன்றிற்று. அவ்வெண்ணத்தின் விளைவாக எழுந்ததே ‘ரன்கொம்’. கட்டளைகளை ஓட்டு என்பது அப்பெயரின் பொருள். ஒரு கோப்பில் எழுதப்பட்டுள்ள கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து நிறைவேற்றுவது அதன் வேலை.

இதிற் கவனித்தற்குரிய நுட்பம் ஒன்றுண்டு. கந்தோரிலுள்ள அச்சுப் படிவத்தில் விண்ணப்பகாரரின் பெயருக்கென ஓரிடம் வெறுமையாக விடப்பட்டிருக்கும்; அதுபோலவே ரன்கொம்முக்கு எழுதும் தொடரிலும் கோப்பின் பெயர் வரவேண்டிய இடத்தை வெறுமையாக விடலாம். ஓட்டும்போது கொடுக்கப்படும் பெயர் அங்கே போய் அமரும். இதனால் ஒருமுறை எழுதிய தொடர் எந்தக் கோப்புக்கும் பயன்பட்டது. அவ்வெற்றிடத்தைப் பிற்காலத்தில் ‘மாறி’ என்றனர். படிவத்தில் நிரப்பாமல் விட்ட கோட்டைக் கண்டால் எழுதுவினைஞர் விண்ணப்பகாரரைத் திருப்பி அழைப்பார். கணினி அழைக்குமா என்ற கேள்வி அன்று எவரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

அடுத்து எழுந்த ‘மல்ரிக்ஸ்’ என்னும் பெருமுறைமைக்காகப் பூஸான் 1965 இல் ஒரு குறிப்பு வரைந்தார். பயன்படுத்துவோருக்கும் கணினியின் உட்கருவுக்கும் இடையே நின்று கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் பகுதிக்கு அவர் ‘ஷெல்’ என்று பெயரிட்டார். வித்தை மூடியிருக்கும் ஓடு என்பது பொருள். அவர் பிரான்சுக்குத் திரும்பிவிட்டமையால், மல்ரிக்ஸின் முதல் ஓட்டை எழுதிய பெருமை கிளெண்டா ஷ்ரோடர் என்னும் பெண்மணியைச் சார்ந்தது. கணினிகளில் இன்றும் ‘ஆர்.சி.’ என்னும் ஈரெழுத்தில் முடியும் அமைப்புக் கோப்புகள் உண்டு. அவ்வீரெழுத்தும் ரன்கொம்மின் எச்சமே.

மல்ரிக்ஸ் முயற்சியிலிருந்து 1969 இல் விலகிய பெல் ஆய்வுகூடத்தில், கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி முதலியோர் சிறிய பி.டி.பி.–7 கணினியொன்றில் யுனிக்ஸ் முறைமையை உருவாக்கலாயினர். ஓடு என்னும் கருத்தையும் பெயரையும் உடன்கொண்டு சென்றனர். அக்காலத்துத் தொலைத்தட்டச்சுக் கருவி வினாடிக்குப் பத்தெழுத்து மாத்திரமே அடிக்கும். ஆகவே யுனிக்ஸ் கட்டளைகள் பேச்சிற் கஞ்சர்களாயின. பட்டியலிட ‘எல்.எஸ்.’, பிரதி எடுக்க ‘சி.பி.’, இடமும் பெயரும் மாற்ற ‘எம்.வி.’, அழிக்க ‘ஆர்.எம்.’. வேலை சரியாக முடிந்தால் விடையாக ஒரு சொல்லும் வராது. அழிக்கும் கட்டளையும் அவ்வாறே, ‘உறுதிதானா?’ என்று அது பொதுவாகக் கேட்பதில்லை. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கேள்வி கேட்குமாயின் ஆயிரம் கோப்புகளைக் கையாளும் தொடரை எவர்தாம் எழுதுவர்? மௌனம் இங்கே தற்செயலன்று. வேகத்துக்காகக் கொடுக்கப்பட்ட விலை.

அந்நாட்களில் நேர்ந்த ஒரு சிறு தவறு, கட்டளைத் தொடர்களின் வரலாற்றைப் பிற்காலத்தில் எங்கெங்கோ தொட்டது. 1979 இற் சிட்னியில் நிகழ்த்திய உரையில் ரிச்சி அதை விவரித்திருக்கிறார். இரண்டு கட்டளைகளைக் கொண்ட தொடரொன்று. முதலாவது கோப்புகளைப் பட்டியலிடும். இரண்டாவது கணினியில் யார் யார் இருக்கின்றனர் என்று கூறும். இரண்டின் விடையையும் ஒரே கோப்பிற் சேர்க்கச் சொன்னபோது, இரண்டாவதன் விடை முதலாவதன் மேலேயே எழுதப்பட்டு அதனை மறைத்துவிட்டது. காரணம் இது: கோப்பில் எதுவரை எழுதப்பட்டது என்பதைக் காட்டும் அடையாளம், புத்தகத்தில் வைக்கும் நாடாவைப் போன்றது, அந்நாடா ஒவ்வொரு கட்டளைக்கும் தனித்தனியே இருந்தது. முதற் கட்டளை பத்தாம் வரியில் நிறுத்திவிட்டுப் போனது இரண்டாவதற்குத் தெரியவில்லை. அது முதல் வரியிலிருந்தே தொடங்கிற்று.

பரிகாரமாக, நாடாவைக் கட்டளைகளிடமிருந்து வாங்கி முறைமையின் பொதுப் பட்டியலில் வைத்தனர். ஒருவர் வைத்த அடையாளத்திலிருந்து அடுத்தவர் தொடரலாயினர். எழுதுவதற்குச் செய்த இத்திருத்தம் வாசிப்பதற்கும் பயன்பட்டது. யுனிக்ஸின் ஓடு ஒரு தொடரை முழுவதும் மனத்தில் வாங்கிக்கொண்டு பின்னர் செயலிற் புகுவதன்று. சிறிது வாசிக்கும், செய்யும், நாடா இருக்குமிடத்திலிருந்து மேலும் சிறிது வாசிக்கும். ஆரம்பகால யுனிக்ஸில் ‘கோட்டு’ என்னும் தாவற் கட்டளை ஓட்டின் பகுதியாகக்கூட இருக்கவில்லை. அது தனியான ஒரு சிறு செய்நிரல். தொடர் எழுதப்பட்ட கோப்பில் வேண்டிய வரியைத் தேடி, நாடாவை அங்கே நகர்த்தி வைத்துவிட்டு அது மறைந்துபோகும். ஓடு ஒன்றும் அறியாததாய் அவ்விடத்திலிருந்து வாசிப்பைத் தொடரும். ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கும் ஏட்டைப் பின்னிருந்து புரட்டிவிடும் குறும்பை ஒத்த உபாயம் இது. நினைவகம் மிகச் சிறிதாக இருந்த காலத்துக்கு அழகாகப் பொருந்திற்று.

1971 இற் பெல் ஆய்வுகூடத்தின் காப்புரிமைப் பிரிவு யுனிக்ஸைத் தன் தட்டச்சு வேலைக்கு எடுத்துக்கொண்டது. அன்று தொட்டு, கணினியறிஞர் அல்லாதாரின் கோப்புகளும் அம்முறைமையிற் பெருகின. 1973 பெப்ரவரியில் வெளியான மூன்றாம் பதிப்புக் கைநூலிற் ‘குழாய்’ இடம்பெற்றது. ஒரு கட்டளையின் விடையை மற்றொன்றின் வாயில் நேரே ஊற்றும் முறை இது. தோட்டக் குழாய்களைப் பொருத்துவது போலச் செய்நிரல்களைப் பொருத்த வேண்டும் என்று டக்ளஸ் மக்கில்ரோய் 1964 இலேயே எழுதி வைத்திருந்தார். பட்டியலிடு, அதிலிருந்து பொறுக்கு, வரிசைப்படுத்து, எண்ணு என்று நான்கு சிறு கருவிகளைக் குழாயாற் பிணைத்துவிட்டால், அதற்கெனத் தனிச் செய்நிரல் எழுத வேண்டியதில்லை.

1979 இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஓடு, கட்டளைத் தொடருக்கு ஒரு மொழியின் தகுதியை அளித்தது. இங்கிலாந்திற் ‘அல்கோல் 68’ மொழியிற் பழகியவர் அவர். அம்மொழியின் வழக்கப்படி, ‘இஃப்’ என்று தொடங்கும் நிபந்தனையை அச்சொல்லையே தலைகீழாக்கி ‘ஃபி’ என்று முடித்தார். ‘டூ’ என்று தொடங்கும் மடக்கை ‘ஓட்’ என்று முடித்திருக்க வேண்டும். அப்பெயரில் வேறொரு கட்டளை ஏற்கெனவே இருந்தமையால் ‘டன்’ என்று முடிக்க நேர்ந்தது. தாவற் கட்டளை ஒழிந்தது. ஆனாற் சிறிது சிறிதாக வாசிக்கும் வழக்கம் ஒழியவில்லை. வெற்றிடத்தில் எதுவும் நிரப்பப்படாதிருந்தால் வேலையை நிறுத்திவிடும் வசதியும் அவ்வோட்டில் இருந்தது. எழுதுவோர் கேட்டாலன்றி அது செயற்படாது. 1989 இற் பிரையன் பொக்ஸ் எழுதி வெளியிட்ட ‘பாஷ்’ இவ்வியல்புகள் அனைத்துக்கும் வாரிசாயிற்று. வீட்டுக் கணினிகளுக்கென 1981 இல் வந்த டொஸ் முறைமையிலும் ‘பட்’ என்னும் ஒட்டுப் பெயருடன் எளிய கட்டளைத் தொடர்கள் இருந்தன. 2006 இல் அவற்றின் வழியில் வந்ததே மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் ‘பவர்ஷெல்’.

தமிழிற் கோப்புக்குப் பெயரிடுவோர் இவ்விடத்தில் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. யுனிக்ஸின் முதல் ஓட்டை எழுதிய அதே தொம்சன், 1992 செப்டெம்பரில், நியூ ஜேர்சியிலுள்ள ஓர் உணவுச்சாலையில் ரொப் பைக் என்பவரோடிருந்து ‘யூ.ரி.எஃப்.–8’ என்னும் குறியீட்டு முறையை வகுத்தார். உலகின் எழுத்துகள் அனைத்தையும் எழுதவல்லதாயினும், கோப்புறைகளைப் பிரிக்கும் சாய்கோட்டின் குறியீடு வேறெந்த எழுத்தின் உள்ளேயும் வந்துவிடாதபடி அது அமைக்கப்பட்டது. ஆகவே, தமிழை அறியாத காலத்திற் பிறந்த ‘எம்.வி.’யும் ‘சி.பி.’யும் தமிழ்ப் பெயர்களை ஒரு பிழையுமின்றிக் கையாளுகின்றன. தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் செல்லும் என்பது மாத்திரம் ஒரு குறை. பெயருக்கு 255 பைட் என வரையறுக்கும் முறைமைகளில் 85 குறிகளுக்கு மேல் இடமில்லை. ‘கி’ போன்ற உயிர்மெய் இரண்டு குறிகள் என்பதையும் எண்ணினால், நூலின் முழுத் தலைப்பையும் கோப்பின் பெயராக்குவோர் விரைவிற் சுவரில் முட்டுவர்.

பெயர்களாற் பெருந்தீங்கு விளைந்ததோ எழுத்தினாலன்று, எழுத்தில்லாத இடத்தினால். ஓட்டுக்கு இடைவெளி என்பது சொற்களைப் பிரிக்கும் எல்லை. ‘பழைய கடிதங்கள்’ என்னும் ஒரு கோப்புறையை மேற்கோட்குறிக்குள் அடைக்காமல் எழுதினால், அஃது ‘பழைய’, ‘கடிதங்கள்’ என்னும் இரண்டைக் காணும். 2001 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் தன் இசைச் செய்நிரலான ஐரியூன்ஸின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டபோது, அதை நிறுவும் கட்டளைத் தொடரில் இத்தகைய மேற்கோட்குறி விடுபட்டிருந்தது. பழைய பதிப்பை அழிக்கும் வரி அது. வட்டுப் பிரிவின் பெயரில் இடைவெளி வைத்திருந்தவர்களிற் சிலர் அப்பிரிவின் கோப்புகளையே இழந்தனர். நிறுவனம் அதை உடனே மீட்டுக்கொண்டு, திருத்திய பதிப்பை வெளியிட்டது.

இருபது ஆண்டுகளின் பின் ஜப்பானில் நேர்ந்தது இதனினும் பெரிது. கியோத்தோ பல்கலைக்கழகத்தின் மீகணினியிற் பல துறை ஆராய்ச்சியாளரின் கோப்புகள் பெருஞ்சேமிப்பொன்றில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்குக் காப்புப் பிரதி எடுப்பதற்குக் கணினியை வழங்கிய நிறுவனம் ஒரு கட்டளைத் தொடரை அமைத்திருந்தது. பிரதி எடுத்த பின்னர், பத்து நாளுக்கு மேற்பட்ட பழைய பதிவேட்டுக் கோப்புகளைத் தேடி அழிப்பது அத்தொடரின் ஒரு பகுதி. எந்தக் கோப்புறையில் அழிப்பது என்பது ஒரு மாறியில் இருந்தது.

அத்தொடரை மேம்படுத்தியவர்கள், வாசிப்போருக்கு எளிதில் விளங்க வேண்டும் என்று மாறியின் பெயரையும் மாற்றினர். நல்ல நோக்கமே. பின்னர், பழைய தொடர் ஓடிக்கொண்டிருந்த வேளையில் அதன் மேலேயே புதியதை எழுதிவிட்டனர். பாஷ் அப்பொழுது பாதி வாசித்திருந்தது. முன்பாதியிற் பழைய பெயரைக் கற்றிருந்த அது, நாடா இருந்த இடத்திலிருந்து பின்பாதியைத் தொடர்ந்தபோது அங்கே கண்டது புதிய பெயரை. அப்பெயருக்கு எவரும் பொருள் சொல்லியிருக்கவில்லை. படிவத்தின் கோடு நிரப்பப்படாமல் இருந்தது. கணினி எவரையும் திருப்பி அழைக்கவில்லை. பதிவேட்டுக் கோப்புறையைச் சுட்ட வேண்டிய கட்டளை, பெருஞ்சேமிப்பையே சுட்டிற்று. அங்கிருந்த கோப்புகளில் பத்து நாளுக்கு மேற்பட்டவற்றை அது தேடி எடுத்து அழிக்கத் தொடங்கியது.

2021 டிசெம்பர் 14 ஆம் திகதி மாலை 5.32 முதல் 16 ஆம் திகதி பிற்பகல் 12.43 வரையான காலத்தில் இது நிகழ்ந்ததாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. அழிந்தவை சுமார் 3 கோடியே 40 இலட்சம் கோப்புகள். அளவு 77 டெராபைட். அக்காலம் முழுவதும் அழிப்பு ஓயாது நடந்ததெனக் கொண்டால், வினாடிக்கு 200 இற்கும் மேற்பட்ட கோப்புகள். பாதிக்கப்பட்ட ஆராய்ச்சிக் குழுக்கள் 14. அவற்றுள் 4 குழுக்களின் கோப்புகளைக் காப்புப் பிரதியிலிருந்து மீட்க இயலாது என்றும் அறிவிக்கப்பட்டது. நிறுவனம் தவறு முழுவதும் தன்னுடையதே என எழுத்தில் ஒப்புக்கொண்டது. இழப்பினின்று காப்பதற்கென எழுதப்பட்ட தொடரே இழப்பை உண்டாக்கியமையை நினைக்க நெஞ்சு கனக்கின்றது. தொம்சன் காலத்திற் சிறிய நினைவகத்துக்காகக் கொள்ளப்பட்ட வாசிப்பு வழக்கம், நினைவகத்துக்குப் பஞ்சமே இல்லாத மீகணினியிலும் மாறாதிருந்தது என்பது அதனினும் வியப்பு.

இத்தகைய விபத்தைத் தவிர்க்கும் வழிகள் அரியன அல்ல. நிரப்பப்படாத மாறியைக் கண்டால் நிறுத்து என்னும் வசதி போர்னின் ஓட்டிலிருந்தே உண்டு. ஒரு வரி எழுதினாற் போதும். ஓடும் தொடரை மாற்ற நேரின், புதியதை வேறொரு பெயரில் எழுதி முடித்து, ‘எம்.வி.’ கட்டளையாற் பழையதன் பெயருக்கு மாற்றுதல் வேண்டும். யுனிக்ஸில் ஒரு கோப்பின் பெயர் பறிபோனாலும், அதை வாசித்துக்கொண்டிருப்பவர் முடிக்கும்வரை பழைய உள்ளடக்கம் அழியாது நிற்கும். அடுத்த முறை ஓட்டுவோருக்கே புதியது கிடைக்கும். தொடர் முழுவதையும் அடைப்புக்குள் இட்டு, கடைசி அடைப்பைக் காணும்வரை ஓடு எதையும் செய்யத் தொடங்காதபடி எழுதுவோரும் உளர். அழிக்கும் தொடராயின், ‘ஆர்.எம்.’ வரவேண்டிய இடத்தில் முதலிற் பெயரை அச்சிடும் கட்டளையை வைத்து, வரும் பட்டியலைக் கண்ணால் வாசித்துவிட்டுப் பின்னர் மாற்றுவது அனுபவமுள்ளோர் வழக்கம். பட்டியல் வாசிக்க ஐந்து நிமிடம் செல்லும். 3,000 கோப்புகளைக் கையாற் செய்யும் 8 மணி 20 நிமிடத்தில் இஃது எம்மாத்திரம்.

கியோத்தோவிற் காப்புப் பிரதி வேலை உடனே நிறுத்தப்பட்டது. தொடரிலுள்ள குறையைத் திருத்தி, மூலத்தின் நேர்ப்பிரதியோடு, மாற்றங்களைக் குறித்த காலம் வரை தனியே பேணும் பிரதியும் வைத்து, 2022 ஜனவரி இறுதியளவில் அதை மீண்டும் தொடங்கத் திட்டமிட்டிருப்பதாக நிலையம் தெரிவித்தது. அவ்வறிவித்தலிலேயே, இன்றியமையாத கோப்புகளை ஆராய்ச்சியாளர் தத்தம் பொறுப்பில் வேறொரு முறைமையிலும் வைத்துக்கொள்ளுமாறும் கேட்டுக்கொண்டது.